பதினெட்டு பாகை

4 ஆகஸ்ட் 2023, வெள்ளி

கோபியில் 9.10 பேருந்தைப் பிடித்துக் கோயம்புத்தூரில் மகள் வீடு வந்து சேர்ந்தபோது மணி 12.35. நானும் என் மனைவி தெய்வானையும், இரண்டு பைகள், ஒரு தூக்குவாளி. சுகந்தியின் இடது இடுப்புக்கு அறுவை சிகிச்சை 21ஆம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் ஊன்றுகோலை விடும்வரை நாங்கள் இங்கேதான். பேரன் அதுவரை மாப்பிள்ளையின் தாயார் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவான்.

மாடிப்படிகள் பதினேழு. பன்னிரண்டாவது படியில் எனக்கு வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. நின்று, வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஏறினேன். தைலம் கொண்டுவர மறக்கவில்லை.

கதவைத் திறந்த சுகந்தி சுவரைப் பிடித்தபடி நடந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஐந்து வயதிலிருந்தே சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். வலி மட்டும் மூன்று வருடமாக. வகுப்பில் நாற்பது நிமிடம் நின்று பாடம் எடுக்க முடியவில்லை என்கிறாள்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நாளை வாஷர் மாற்ற வேண்டும்.

7 ஆகஸ்ட், திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் சற்று நிதானம் வரலாம்.

எங்களை அழைத்துப் பேச வேண்டும் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்லியிருந்தார். டாக்டர் ஜெசிந்தா. நாற்பத்தைந்து வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறவர். நான் அரசுக் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்தவன் என்று சுகந்தி சொல்லிவிட்டாள்.

"புரொபசரா சார்? அப்ப எனக்கு வேலை சுலபம்."

"விரிவுரையாளர்தாங்க. ரிட்டயர் ஆகிப் பதினாலு வருசம் ஆச்சு" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை எடுத்து என் கையில் கொடுத்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம். கை தானாகவே அதைத் திருப்பிப் பிடித்தது. கிண்ணக்குழிக்குள் கட்டைவிரலை விட்டேன். விரல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. குழி இருக்க வேண்டிய ஆழத்தில் பாதிகூட இல்லை. மேல் விளிம்பு, வீட்டுக்குப் போட்ட கூரை பாதியில் நின்றதுபோல் நின்றிருந்தது. கூடவே இருந்த தொடையெலும்பின் தலையும் உருண்டையாக இல்லை. முன்பக்கம் ஒரு புடைப்பு, கழுத்தில் தேவைக்கு மேல் ஒரு முறுக்கு.

"மாணவர்களுக்குக் காட்டறதுக்குச் செஞ்ச மாதிரிங்களா டாக்டர்? கோளாறு கொஞ்சம் அதிகமா வெச்சிருக்காங்க."

"மாதிரி இல்ல சார். உங்க பொண்ணோடது. ஸ்கேன்ல எடுத்து அதே அளவுல அச்செடுத்தது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டல, குறைக்கல."

நான் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைக்கத் தெரியவில்லை. சுகந்தி சிரித்துக்கொண்டே, "அப்பா, பாத்து. கீழ போட்டுறாதீங்க, எனக்கு வேற இல்ல" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் பந்துக்கிண்ண மூட்டு என்று கரும்பலகையில் வட்டம் போட்டவன் நான். தலை எப்போதும் வட்டம், குழி எப்போதும் அரைவட்டம். என் வீட்டுக்குள் முப்பத்தொன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது வேறு படம்.

கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, கிண்ணத்தை அப்படியே திருப்பி, தலையை மூடும்படி வைத்துத் திருகாணி போடப் போகிறார். புடைப்பையும் செதுக்க வேண்டியிருக்கும். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வடிவம் சார். குழி மட்டும்னு நினைச்சுத் திறந்தா, தலை, கழுத்து எல்லாம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கும். அதான் முன்னாலயே அச்செடுத்துப் பாக்கறேன்."

பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி நடை உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை, "என்ற பக்கம்தானுங்க. எங்க சின்னாத்தா விந்தி விந்தித்தான் நடப்பாங்க. அங்கிருந்துதான் இவளுக்கு வந்துருச்சு" என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"சின்னாத்தாவுக்குப் பொறந்ததுல இருந்தேவா?"

"மூணு வயசுல காச்சல் வந்துச்சாமுங்க. அதுக்கப்பறம் கால் சூம்பிப் போச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, அது போலியோ. அது வேற. அது யாருக்கும் வழிவழியா வராது."

தெய்வானை தலையாட்டினாள். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரப் பேச்சில் நம்பிக்கை மாறுமா? என் தாயார் இருந்தவரை சொல்லி, அவருக்குப் பிறகு என் அக்கா சொல்லி, இப்போது அவளே சொல்லிக்கொள்கிற விஷயம் அது.

பெற்றோர் இருவருடைய இடுப்பையும் படம் எடுத்துப் பார்ப்பது டாக்டரின் வழக்கமாம். குடும்பம் குடும்பமாகக் குறித்து வைக்கிறார். "சார், நீங்களும்" என்றார்.

"எனக்கு முழங்கால் மட்டும்தாங்க."

"இருக்கட்டும்" என்றார். நாங்கள் வெளியே போகும்போது கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர்கள்மேல் மருத்துவர்களுக்கு மரியாதை அதிகம்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

வாஷர் மாற்றினேன். சொட்டு நின்றது.

10 ஆகஸ்ட், வியாழன்

இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். தெய்வானை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, அதுல தெரிஞ்சிருமுங்களா?"

"எது?"

"என்னாலதான்னு."

எலும்பின் வடிவம் தெரியும், யாரால் என்பது படத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அறிவியல்படியும் அதுவே சரி. அந்த நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தவள், "குளுகுளுன்னு பலகை. பொணத்தப் படுக்கவெக்கற மாதிரி படுக்க வெச்சாங்க" என்றாள்.

12 ஆகஸ்ட், சனி

படங்களை வாங்க நான் தனியாகப் போனேன். தெய்வானை சுகந்திக்குத் தலைக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே போட்டார். கோடு போட்டுக் காட்டினார். தொடையெலும்புத் தலையின் மையத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு, அதே மையத்திலிருந்து கூரையின் விளிம்புக்கு ஒரு கோடு, இடையிலுள்ள கோணம். இருபத்தைந்து பாகைக்கு மேல் இருந்தால் சரியான மூட்டு. இருபதுக்குக் கீழே போனால் கோளாறு.

தெய்வானைக்கு இரண்டு பக்கமும் முப்பத்து மூன்று.

"அம்மாவோட இடுப்ப பாருங்க சார். பாடப்புத்தகத்துல போடலாம்."

எனக்கு வலது பக்கம் பதினெட்டு. இடது பக்கம் இருபத்தொன்று.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். படம் மாறிப்போயிருக்கும் என்று தோன்றியது. மேல் மூலையில் என் பெயரும் வயதும் இருந்தன. சென்னியப்பன், 72.

"தலையோட முன்பக்கம் அந்தப் புடைப்பு தெரியுதா? உங்க பொண்ணுக்கும் அதே இடம். உங்க முழங்கால்ல ஒண்ணுமே இல்ல சார். இடுப்பு வலிதான் முழங்காலுக்கு இறங்கும். எத்தனை வருஷமா?"

"இருபது இருக்கும்" என்றேன். சரியாகச் சொன்னால் இருபத்தாறு.

"பெண்களுக்குத்தான் இது அதிகம். உங்களுக்கு லேசா இருந்ததால ஓட்டிட்டீங்க. அன்னிக்கு நீங்க கதவுப் பக்கம் நடந்தப்பவே சந்தேகம். யாருமே உங்ககிட்டச் சொன்னதில்லையா, ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறீங்கன்னு?"

யாரும் சொன்னதில்லை. என் நடையை யாரும் பார்த்ததில்லை. நிதானமாக நடப்பவர், வாத்தியார் நடை என்று சொல்வார்கள்.

"அப்ப என்கிட்ட இருந்துதான் போயிருக்குதுங்களா?"

"ஒரே காரணம்னு எதையும் சொல்ல முடியாது சார். தலைச்சன் குழந்தை, வயித்துல எப்படித் திரும்பி இருந்துச்சுன்னு எத்தனையோ இருக்கு. ஆனா குடும்பத்துல எந்தப் பக்கம்னு கேட்டா..." திரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டேஷனரி கடையில் ஒரு பாகைமானி, மெல்லிய வரைதாள் இரண்டு வாங்கினேன். சன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, வரைதாளில் படி எடுத்து, மூன்று முறை அளந்தேன். பதினெட்டு, பதினேழரை, பதினெட்டு.

இரண்டு பாகை வரை பிழை வரலாம். ஆனால் அது பதினெட்டை முப்பத்து மூன்றாக ஆக்காது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லவில்லை. வீட்டில் மாப்பிள்ளை இருந்தார்.

14 ஆகஸ்ட், திங்கள்

தெய்வானை கேட்டாள்: "படத்தப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாங்க?"

"முழு ரிப்போர்ட்டு இன்னும் எழுதலையாம்."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அறிக்கை இன்னும் தட்டச்சாகவில்லை.

படங்கள் அலமாரியில், என் வேட்டிகளுக்கு அடியில் இருக்கின்றன. மடியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

16 ஆகஸ்ட், புதன்

தெய்வானை மூன்று நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்பதை இன்றுதான் கவனித்தேன். அறுவை சிகிச்சை முடியும்வரை விரதமாம். காலையில் முருகன் கோயிலுக்குப் போய், ஈரச் சேலையோடு பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டு வருகிறாள். எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன். "வேண்டுதல் இல்லீங்க. மன்னிப்புக் கேக்கறது" என்றாள்.

சொல்வதற்கு ஐந்து விதமாக வாக்கியம் எழுதிப் பார்த்தேன். முதலாவது மிகவும் அறிவியலாக இருக்கிறது. இரண்டாவதில் டாக்டரின் மேல் பழி போகிறது. மூன்றாவது என் தாயாரை இழிவுபடுத்துவதுபோல் இருக்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் ஏறத்தாழ ஒன்றே. அறுவை சிகிச்சைக்கு முன் வீட்டில் கலவரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. சுகந்தியின் மனநிலையும் முக்கியம்.

மாப்பிள்ளை இரண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

18 ஆகஸ்ட், வெள்ளி

குளியலறையில் சுகந்தி பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தோம். உயரம் 84 செ.மீ. எனக்கும் உதவியாக இருக்கிறது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் மாடி, அறை எண் 208. மாப்பிள்ளை கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார். தெய்வானை கட்டிலின் கால்மாட்டில் நின்று சுகந்தியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து அவற்றின் மேல் தலையை வைத்துவிட்டாள்.

"என்ற வவுத்துல பொறந்து நீ இந்தக் கத்திக்குப் போகோணுமா கண்ணு. என்ன மன்னிச்சுரு சாமி."

"அம்மா, எந்திரிங்க. யாராச்சும் வந்தா செத்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் சுகந்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

சன்னலின் கொண்டி சரியாக விழவில்லை. அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தேன்.

21 ஆகஸ்ட், திங்கள்

காலை 7.50க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 1.40க்கு டாக்டர் வெளியே வந்தார். கிண்ணத்தைத் திருப்பியாகிவிட்டது. நான்கு திருகாணிகள். பதினான்கு பாகையாக இருந்தது இப்போது முப்பது. புடைப்பையும் செதுக்கிவிட்டார். "அச்சுல பாத்ததவிடத் தலை கொஞ்சம் கோணல்தான். ஆனா உள்ள உக்காந்துருச்சு" என்றார்.

தெய்வானை தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு இட்லி சாப்பிட்டாள்.

டாக்டர் போகும்போது என்னைப் பார்த்து, "சொல்லிட்டீங்களா சார்?" என்றார். நான் தலையை அசைத்தேன். அது ஆமாம் என்பதுபோலவும் இருந்திருக்கும்.

23 ஆகஸ்ட், புதன்

சுகந்திக்குக் காய்ச்சல் 100.2. மாலையில் 99. பழனாத்தாள் அக்கா நாளை பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

24 ஆகஸ்ட், வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா பவானியிலிருந்து பதினொரு மணிக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது. தூக்குவாளியில் பருப்புப் போளி, எங்கள் ஊரில் ஒப்பிட்டு, செய்து கொண்டுவந்திருந்தார். சுகந்தியின் தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்தார். தெய்வானை எதிரே சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோர நாற்காலியில்.

"எங்கம்மா அன்னிக்கே சொன்னா" என்று அக்கா ஆரம்பித்தார். "பொண்ணெடுத்த எடம் அப்பிடி. அந்தச் சின்னாத்தா காலு தலைமொற தாண்டி வந்து இந்தப் புள்ளைய வெட்ட வெச்சிருச்சு. நம்ம பக்கம் ஒருத்தருக்கு உண்டா?"

"அத்தை, விடுங்க" என்றாள் சுகந்தி.

"விடாம என்ன கண்ணு பண்றது. உள்ளதத்தான சொல்றேன். தெய்வானையே ஒத்துக்கற விசயம்தான். ஏம் தெய்வானை?"

தெய்வானை தன் நாத்தனாரிடம், "ஆமாங்க நங்கையா" என்றாள். சுளையிலிருந்து விதையை எடுத்துக்கொண்டிருந்தாள். சுளையை நீட்டியபோது சுகந்தி வாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் தாய் ஆமாம் என்று சொன்னதைக் கேட்கப் பிடிக்காமல் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. தயாரித்த ஐந்து வாக்கியங்களில் எதுவும் இல்லை.

"அக்கா, அது என்ற எலும்பு."

"என்னதுடா?"

"படம் எடுத்தாங்க. தெய்வானைக்கு முப்பத்து மூணு. எனக்குப் பதினெட்டு. சுகந்திக்குப் பதினாலு. இருபத்தஞ்சு இருக்கோணும்."

"என்னடா பள்ளிக்கூடத்து மார்க்கு வாசிக்கற?"

"இடுப்புக் குழியோட கோணம்க்கா. எனக்கும் குழி ஆழமில்ல. சுகந்திக்கு இருக்கற அதே கோளாறு எனக்கும் இருக்குது. தெய்வானைக்கு ஒண்ணுமே இல்ல. அவங்க சின்னாத்தாவுக்கு வந்தது போலியோ."

அக்கா என்னைப் பார்த்தார், தெய்வானையைப் பார்த்தார். "இவ சொல்லச் சொன்னாளா? ஆம்பளைக்கு ஏதுடா இதெல்லாம். நீ நல்லாத்தான நடக்கற?"

தெய்வானை கையைத் துண்டில் துடைத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"ஏனுங்க, எந்திரிங்க. அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வாங்க."

எழுந்து நடந்தேன். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். எட்டடி இருக்கும். மூன்று பெண்கள் என் இடுப்பையும் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக என் உடம்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பது எனக்கே தெரிந்தது. வலது பக்கம். ஒவ்வொரு அடிக்கும்.

"இன்னொருக்கா" என்றாள்.

நடந்தேன்.

"இன்னும் ஒருக்கா. வேட்டியச் சித்தெ தூக்கிக்குங்க. பாதம் தெரியோணும்."

அக்காவின் தலை குனிந்தது. ஏன் என்று எனக்கும் தெரியும். இந்தக் குறிப்பேட்டில் நான் இதுவரை எழுதாத விஷயம் அது. மறந்து போனதால் எழுதாமல் விடவில்லை.

தெய்வானை சுகந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, சின்னாத்தாளப் பத்திக் கேள்விப்பட்டு, உங்கப்பாவோட அம்மா என்ன மூணு தடவ நடக்கச் சொன்னாங்க. ஆசாரக் கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். சீலையச் சித்தெ தூக்கிக்க, பாதம் தெரியோணும்னு சொன்னது உங்கத்தை. இருவது பேரு உக்காந்து பாத்தாங்க. இவரும் நாக்காலில உக்காந்து பாத்தாரு. போகும்போது கார் வரைக்கும் நடந்துதான் போயிருப்பாரு. அத யாரு பாத்தா?"

"அதெல்லாம் அப்ப வழக்கம் தெய்வானை" என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமாங்க நங்கையா. மாப்பிள்ளைய நடக்கச் சொல்ற வழக்கம் இல்லாமப் போச்சு. நாப்பத்து மூணு வருசம் லேட்டாயிருச்சு. பரவால்ல, இன்னிக்குப் பாத்துக்கிட்டோம்."

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மதிய உணவுக்கு நிற்கவில்லை. மாப்பிள்ளை பேருந்து ஏற்றிவிடப் போனார். சுகந்தி மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டாள். எனக்கு உள்ளே ஏதோ இறங்கிவிட்டதுபோல் இருந்தது. இனி ஒன்றுமில்லை, சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஒரு பாராட்டைக்கூட எதிர்பார்த்தேன்.

தெய்வானை கேட்டாள்: "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பன்னெண்டாந் தேதி."

"இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்து நாலு."

அவள் தோல்களை ஒரு காகிதத்தில் சேர்த்துக் கட்டினாள்.

"தெரியாம இருந்தது நாப்பத்து மூணு வருசம். அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்கம்மா பேசும்போது நீங்க வாயத் தொறக்கல, அதுக்கும் ஒண்ணுஞ் சொல்லல, அந்தக் காலம் அப்பிடி. ஆனா தெரிஞ்சுக்கிட்டு இருந்தது பன்னெண்டு நாளு. அதுல ஒரு நாளு நான் என்ற புள்ள கால் மேல தலைய வெச்சு மன்னிப்புக் கேட்டேன். நீங்க சன்னலோரமா நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

"கொண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"கொண்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

25 ஆகஸ்ட், வெள்ளி

காலை 6.30க்குப் பால். 8க்கு மருந்து. தெய்வானை தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

தெய்வானை மருத்துவமனையிலேயே தங்கிக்கொள்கிறாள். நான் வீட்டுக்கு வந்து துணிகளைத் துவைத்துப் போட்டேன். எதையாவது செய்தாக வேண்டும் என்று இருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்தது பட்டியல்.

எங்கள் வீட்டில் தெய்வானையைக் குறை சொன்ன அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் யார் யார் என்று யோசித்து எழுதினேன். ஒன்பது பேர். எதிரே தொலைபேசி எண்களை எழுதினேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

முதலில் சேலத்துப் பெரியப்பா மகன். "சுகந்திக்கு வந்த கோளாறு தெய்வானை பக்கத்தோடது இல்ல, என்னோடது. எக்ஸ்ரேல தெரிஞ்சுபோச்சு" என்று எழுதி வைத்ததைப் படித்தேன். "சரி, கல்யாணம் யாருக்கு?" என்றார். பத்திரிகை வைக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். காது கேட்பதில்லை. மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

இரண்டு பேருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே நினைவில்லை. ஒருவர், "அதுக்கு இப்ப என்னப்பா?" என்றார். பெருந்துறைச் சித்தி மட்டும், "அந்தப் புள்ளைய நாங்களும் ரொம்பப் பேசிப்போட்டோம் சென்னி" என்றார்.

ஒன்பதாவது, அக்கா. அவர் எடுக்கவில்லை. மாலையில் அவராகவே கூப்பிட்டார். தெய்வானை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதை எப்படிக் குறிப்பது என்று தெரியாமல், பேசியாகிவிட்டது என்று குறித்தேன்.

28 ஆகஸ்ட், திங்கள்

சுகந்தி ஊன்றுகோல்களோடு இன்று ஆறு அடி நடந்தாள். இடது காலில் பாரம் போடக் கூடாது. ஆனாலும் உடம்பு நேராக நின்றது. அவள் அப்படி நேராக நின்று நான் பார்த்ததில்லை. அவள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மதியம் மாற்றுச் சேலை கொடுக்கும்போது அந்தப் பட்டியல் பைக்குள் இருந்து விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்றே எழுதுகிறேன். தெய்வானை எடுத்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். எதிரே நான் எழுதியிருந்ததையும் படித்தாள். சேலத்தார் கல்யாணம் யாருக்கு என்று கேட்டதைப் படித்தபோது அவள் உதடு லேசாக அசைந்தது. நான்கு நாட்களில் அதுதான் முதல் முறை.

"ஒருத்தரு பேரு இல்லீங்களே" என்றாள்.

"உசுரோட இருக்கறவங்க எல்லாரையும் எழுதியிருக்கேன். நல்லா யோசிச்சுத்தான் எழுதினேன். யாரு?"

"எங்கய்யன்."

அவள் தந்தை 1996இல் இறந்துவிட்டார். சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்குத் தெரியாததா?

1989, ஜூன் மாதம். சுகந்தியின் நடை சரியில்லை என்று தெரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் சத்தியிலிருந்து வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆசாரத்தில் நின்றார். என் தாயார் உட்காரச் சொல்லவில்லை. "எங்க வீட்டுக் கொறைய உங்க வீட்டுல கொண்டாந்து வெச்சுட்டனுங்க. பொறுத்துக்கோணும்" என்று கைகளைக் கூப்பினார். என்னைவிடப் பதினேழு வயது பெரியவர். நான் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கூப்பிய கைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. எழுந்து வரவில்லை. அவர் போகும்போது, "மாப்பிள்ளைக்கு வேலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஏழு வருடம், சாகும்வரை, எங்கள் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தரையில்தான் உட்காருவார். இடுப்புக்கு அதுதான் சௌகரியம்போல என்று நான் நினைத்திருந்தேன்.

தெய்வானை பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒன்பதுக்குக் கீழே பத்து என்று எழுதினேன். மாரப்பன் என்று எழுதினேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"எதுத்தாப்புல நம்பர எழுதுங்க" என்றாள்.